நீலகிரி மாணவர்களுக்கான ரெஸ்யூமே வழிகாட்டி: குறிப்பெடுப்பதிலிருந்து அனுப்புவது வரை

நீலகிரியில் கல்லூரி இறுதியாண்டுத் தேர்வும் கோடை சீசனும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்துவிடுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியின் விடுதிகளும் குன்னூரின் தேயிலைக் கடைகளும் ஆள் தேடுகின்றன. அதே நாட்களில் கோவை, திருப்பூர், பெங்களூரு நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த நெருக்கடியில் பல மாணவர்கள் அருகிலுள்ள பிரௌசிங் சென்டருக்குப் போய், அங்குள்ள கணினியில் யாருக்கோ அடித்து வைத்த பழைய பயோடேட்டாவில் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் மாற்றி அச்செடுத்து வந்துவிடுகிறார்கள். தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பத்தாம் வகுப்பு மதிப்பெண், “அனுபவம்: இல்லை” என்றொரு வரி, கடைசியில் உறுதிமொழியும் கையொப்பமும் என்று அந்தத் தாள் முடிந்துவிடும். அதைப் படிக்கும் மேலாளருக்கு அந்த மாணவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும். அவருக்கு என்ன வேலை தெரியும் என்பது தெரியாது.

“அனுபவம்: இல்லை” என்ற அந்த வரிதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருவது. இந்த மலையில் வளர்ந்த பிள்ளைகள் பலர் பள்ளிக் காலத்திலிருந்தே ஏதேனும் ஒரு பொறுப்பைச் சுமந்து வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தின் கணக்கை எழுதியிருப்பார்கள். சீசனில் விடுதியிலோ கடையிலோ நின்றிருப்பார்கள். கேரட் லோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்ந்ததா, என்ன விலைக்குப் போனது என்று தொலைபேசியில் விசாரித்துக் குறித்திருப்பார்கள். அவை அனைத்தும் வேலைகளே என்பதும், அவற்றை உள்ளது உள்ளபடி, விவரத்தோடு எழுதினால் முதல் வேலைக்கான ரெஸ்யூமே தானாகவே கனம் பெறும் என்பதும்தான் இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை.

கணினிக்கு முன் ஒரு நோட்டு

ரெஸ்யூமே எழுதுவதைக் கணினியில் தொடங்க வேண்டாம். கணினியைத் திறந்ததும் கண்ணில் படுவது ஏதாவது ஒரு மாதிரிப் படிவமாக இருக்கும். அதன் கட்டங்களை நிரப்புவதிலேயே கவனம் போய்விடும். ஒரு நோட்டை எடுத்து, பதினொன்றாம் வகுப்பு தொடங்கி இன்றுவரை, கூலி பெற்றும் பெறாமலும் நீங்கள் செய்த வேலைகள் அனைத்தையும் எழுதுங்கள். எது முக்கியம், எது அற்பம் என்று இப்போதே பிரிக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து தொடங்குவது எளிது. தோட்டம் இருந்தால் அங்கே உங்கள் பொறுப்பு என்ன? அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் அதன் வரவு செலவு நோட்டை எழுதித் தருவது யார்? வீட்டில் ஓர் அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதுண்டா, அப்படியானால் முன்பதிவையும் முன்பணத்தையும் கவனிப்பது யார்? அதன் பிறகு வெளி வேலைகள்: சீசன் கடைகள், விடுதிகள், மே மாத மலர்க் கண்காட்சியின்போது கிடைத்த தற்காலிகப் பணிகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்த டியூஷன். கல்லூரிக்கு வந்தால் புராஜெக்ட், ஆய்வக வேலை, நாட்டு நலப்பணித் திட்டம், என்சிசி, துறை விழா. ஊருக்கு வந்தால் ஹெத்தையம்மன் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பு, கோயில் கமிட்டிக் கணக்கு, தேவாலய இளைஞர் குழு, கிரிக்கெட் போட்டி ஏற்பாடு.

ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த இடத்தில், நீங்களே செய்தது என்ன, அது எவ்வளவு. “எவ்வளவு” என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எத்தனை அறைகள், எத்தனை மாணவர்கள், எத்தனை ரசீதுகள், எத்தனை கிலோ என்ற எண்ணிக்கைகள் உங்கள் பழைய நோட்டிலோ வாட்ஸ்அப் செய்திகளிலோ கிடைக்கும். கிடைக்காவிட்டால் எண்ணைக் கற்பனை செய்து எழுதக் கூடாது. எண் இல்லாமலேயே அந்த வேலையைத் தெளிவாக எழுதிவிட முடியும். ஐந்தாவதாக, நீங்கள் அந்த வேலையைச் செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லக்கூடியவர் யார் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். அது ரெஸ்யூமேயில் இடம்பெறாது என்றாலும், பின்னால் பரிந்துரையாளர் வேண்டும் என்று கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.

விளம்பரத்தை வரி வரியாகப் படித்தல்

எல்லா வேலைக்கும் ஒரே ரெஸ்யூமே என்ற பழக்கத்தைக் கைவிட வேண்டும். குன்னூரில் தேயிலை ஏலத்தோடு தொடர்புடைய தரகர் அலுவலகங்களும் கிடங்குகளும் இருக்கின்றன. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் ஆகியவற்றின் தலைமையகங்களும் தேயிலை வாரியத்தின் அலுவலகமும் அங்கேதான் உள்ளன. கோத்தகிரியில் காடு, பழங்குடி மக்கள், தேன் சேகரிப்பு ஆகியவை சார்ந்து இயங்கும் தொண்டு நிறுவனம் உண்டு. ஊட்டியில் விடுதித் தொழில் பரவலாக இருக்கிறது. கோவையிலோ கணக்குப் பிரிவு, மருத்துவமனை நிர்வாகம், மென்பொருள், வாடிக்கையாளர் சேவை என்று வேறு வகையான தேவைகள். ஒரே மாணவியின் ஒரே அனுபவத்தை, தேயிலை அலுவலகத்துக்கு எழுதும்போது ஒரு முகமாகவும் மருத்துவமனைக்கு எழுதும்போது வேறு முகமாகவும் காட்ட வேண்டியிருக்கும். உண்மை மாறாது, எதை முதலில் சொல்கிறோம், எதை விரித்துச் சொல்கிறோம் என்பதே மாறும்.

வேலை விளம்பரத்தை அச்செடுத்தோ நோட்டில் எழுதிக்கொண்டோ, அதில் வரும் செயல்களையும் தகுதிகளையும் அடிக்கோடிடுங்கள். “பில் சரிபார்த்தல், டேலி கணக்கு மென்பொருளில் பதிவு, ஜிஎஸ்டி அடிப்படை அறிவு, தமிழ் மற்றும் ஆங்கிலத்தில் பேசும் திறன்” என்று இருந்தால், அந்த நான்குக்கும் எதிரே உங்கள் நோட்டிலிருந்து ஆதாரம் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். மூன்றுக்குக் காட்ட முடிந்தாலே தயங்காமல் விண்ணப்பிக்கலாம். தொடக்கநிலைப் பணிக்கு எல்லாம் தெரிந்த ஆளை யாரும் எதிர்பார்ப்பதில்லை. விளம்பரத்தில் என்ன சொல் இருக்கிறதோ, உங்களுக்கு அந்த வேலை உண்மையாகவே தெரிந்தால், அதே சொல்லைப் பயன்படுத்துங்கள். பெரிய நிறுவனங்களில் மென்பொருள்தான் முதலில் ரெஸ்யூமேக்களைச் சலிக்கிறது. அது விளம்பரத்திலுள்ள சொற்களைத்தான் தேடும்.

எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் ரெஸ்யூமேயும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் அதுவே வழக்கம். கூட்டுறவுச் சங்கம், உள்ளூர்ப் பள்ளி, தொண்டு நிறுவனம், அச்சகம் போன்ற இடங்களில் தமிழில் கேட்டால் தமிழில் எழுதுவதே பொருத்தம். தமிழில் எழுதும்போது யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்த வேண்டும். பிரௌசிங் சென்டர்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துத் தருவதுண்டு. அந்தக் கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகத் தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். ஆங்கில ரெஸ்யூமே எழுதுவதாக இருந்தாலும், முதல் வரைவைத் தமிழில் யோசித்து எழுதிவிட்டு, பிறகு எளிய ஆங்கிலத்தில் மாற்றுவது நல்ல வழி. இணையத்திலிருந்து எடுத்த அலங்கார வாக்கியங்களை நேர்காணலில் உங்களால் விளக்க முடியாது.

தலைப்பகுதி

பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒரு சான்றிதழிலும் பின்னால் இன்னொன்றிலும், விரித்து எழுதியது ஆதார் அட்டையிலும் என்று பல வடிவங்களில் இருப்பது நம் பிள்ளைகளுக்கு வழக்கமான சிக்கல். வேலையில் சேரும்போது சான்றிதழ் சரிபார்ப்பில் இது தாமதத்தை உண்டாக்கும் என்பதால், ஒரே வடிவத்தை முடிவு செய்து ரெஸ்யூமே, மின்னஞ்சல், வேலைவாய்ப்பு இணையதளக் கணக்கு எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்துங்கள்.

தொலைபேசி எண் நம் மலைக்கு ஒரு தனிப் பிரச்சினை. பள்ளத்தாக்கிலுள்ள பல ஊர்களில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் டவரும் போய்விடும். ஒருமுறை அழைத்து, “தொடர்புக்கு அப்பால் உள்ளார்” என்று வந்தால், தேர்வுக் குழுவினர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடக்கூடும். எனவே உங்கள் எண்ணோடு, வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அண்ணன், அக்கா அல்லது பெற்றோரில் ஒருவரின் எண்ணை மாற்று எண்ணாகக் கொடுத்து, அப்படி அழைப்பு வரலாம் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரும் தேவையானால் ஓர் எண்ணும் கொண்டதாக இருக்கட்டும். பள்ளிக் காலத்தில் விளையாட்டாக வைத்த பெயர்கள் வேண்டாம். முகவரிக்கு ஊரும் மாவட்டமும் போதும். வெளியூர் வேலையாக இருந்தால், அதற்குப் பக்கத்திலேயே “கோவையில் தங்கிப் பணியாற்றத் தயார்” என்று ஒரு வரி சேர்ப்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். மலையிலிருந்து வரும் விண்ணப்பத்தைப் பார்க்கும் சமவெளி நிறுவனத்துக்கு எழும் முதல் ஐயம், இவர் தினமும் எப்படி வருவார் என்பதுதான். அந்த ஐயத்துக்கு இடமில்லாமல் செய்துவிட வேண்டும்.

முதல் நான்கு வரிகள்

தலைப்பகுதிக்குக் கீழே ஒரு குறிக்கோள் வாசகம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. “சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன்” என்பது போன்ற அந்த வாசகத்தை யாருடைய ரெஸ்யூமேயிலிருந்தும் எடுத்து யாருடைய ரெஸ்யூமேயிலும் ஒட்டிவிடலாம் என்பதே அதன் குறை. அந்த இடத்தில் படிப்பு, கையிலுள்ள அனுபவம், தேடும் பணி, எப்போதிலிருந்து வர முடியும் என்ற நான்கையும் சொல்லிவிடுங்கள். கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் வசிக்கும் வணிகவியல் மாணவி ஒருவர் என்று வைத்துக்கொண்டால், இப்படி எழுதலாம்:

“பி.காம். இறுதியாண்டு மாணவி. குடும்பத்தின் சிறு தேயிலைத் தோட்டக் கணக்கை இரண்டு ஆண்டுகளாக எக்செல்லில் பராமரித்து வருகிறேன். டேலி பயிற்சி முடித்துள்ளேன். கணக்குப் பிரிவில் தொடக்கநிலைப் பணியை நாடுகிறேன். ஜூன் முதல் வாரத்திலிருந்து பணியில் சேர இயலும்.”

இதில் உயர்வான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படித்த மேலாளருக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிடுகிறது: தோட்டக் கணக்கு என்றால் என்னென்ன எழுதுவீர்கள்? அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவர் உங்களை அழைக்க வேண்டியிருக்கும்.

அனுபவப் பகுதி: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

ரெஸ்யூமே எழுத ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்தப் பகுதிக்கே கொடுக்கலாம். அதே மாணவியை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவில் அவர் எழுதக்கூடிய வரி, “தேயிலைத் தோட்டத்தில் பெற்றோருக்கு உதவினேன்” என்பதாக இருக்கும். இந்த வரியில் பொய் இல்லை; விவரமும் இல்லை. அவர் உண்மையில் செய்வது என்ன என்று கேட்டுப் பார்த்தால்தான் விவரம் வெளிவரும். பறித்த பச்சைத் தேயிலையை எடை போட்டுக் கொடுத்ததும் கிடைக்கும் ரசீதைத் தேதிவாரியாக அடுக்கி வைக்கிறார். மழை நாட்களில் ஈரத்துக்காகக் கழிக்கப்பட்ட எடையைத் தனியாகக் குறிக்கிறார். மாதக் கடைசியில் தொழிற்சாலை தரும் பட்டியலைத் தம் ரசீதுகளோடு ஒப்பிட்டு, கிலோ குறைந்திருந்தால் இலையை வாங்கிச் சென்ற ஏஜென்டிடம் கேட்கிறார். அந்த மாதத்துக்குத் தேயிலை வாரியம் அறிவித்த பச்சைத் தேயிலை விலையையும் தங்களுக்குக் கிடைத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறார். பறிகூலி, உரம், கவாத்துச் செலவு ஆகியவற்றைக் கழித்து மீதியைச் சொல்கிறார்.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்பவருக்குக் கொடுக்கப்படும் வேலையும் ஏறக்குறைய இதுவே. எனவே அந்த ஒற்றை வரி இப்படி மாற வேண்டும்:

“குடும்பத் தேயிலைத் தோட்டம், கோத்தகிரி வட்டம். கணக்குப் பொறுப்பு, ஜூன் 2023 முதல். பச்சைத் தேயிலை எடை ரசீதுகளைத் தேதிவாரியாக எக்செல்லில் பதிவு செய்தல். மாதந்தோறும் தொழிற்சாலைப் பட்டியலுடன் ஒப்பிட்டு எடை வேறுபாடுகளைக் கண்டறிந்து முகவரிடம் சரிசெய்தல். பறிகூலி, உரம், கவாத்துச் செலவுகளைப் பிரித்து மாத வரவு செலவு அறிக்கை தயாரித்தல்.”

இடம், காலம், கருவி, செயல், விளைவு எல்லாம் இதில் வந்துவிட்டன. வரிகளின் வரிசையையும் கவனியுங்கள். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோமோ அதற்கு நெருக்கமான வரி மேலே வர வேண்டும்.

விடுதி வேலையையும் இப்படியே விரிக்கலாம். “சீசனில் ஹோட்டலில் வேலை பார்த்தேன்” என்பதற்குப் பதிலாக, எந்த ஆண்டு ஏப்ரல், மே. எத்தனை அறைகள் கொண்ட விடுதி. வரவேற்புப் பிரிவா, அறைப் பராமரிப்பா, உணவுப் பரிமாறலா என்பதைச் சொல்லுங்கள். வரவேற்புப் பிரிவில் இருந்திருந்தால், இணையத்தில் வந்த முன்பதிவுகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டதையும், வெளிநாட்டவர் தங்கியபோது அவர்களின் விவரங்களை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (சி படிவம் என்று அறியப்பட்டது) 24 மணி நேரத்துக்குள் பதிவேற்றியதையும் எழுதுங்கள். அந்தப் படிவத்தைப் பற்றித் தெரிந்த ஒரு புதியவரை விடுதி மேலாளர் உடனே கவனிப்பார். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த விருந்தினர்களின் குறைகளை அவர்கள் மொழியிலேயே கேட்டுத் தீர்த்திருந்தால் அதுவும் ஒரு வரி பெறும்.

உதகை அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிப்பவர்களுக்குக் களப்பணிதான் அனுபவம். எந்தக் காட்டுப் பகுதியில், எந்த உயிரினத்தை, என்ன முறையில் கணக்கெடுத்தீர்கள், தரவை எந்த மென்பொருளில் பதிந்தீர்கள், எத்தனை நாட்கள் களத்தில் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். பேராசிரியரோ ஆய்வு மாணவரோ தலைமை தாங்கிய பணியில் நீங்கள் உதவியாளராக இருந்தால், உதவியாளர் என்றே எழுத வேண்டும். பிறர் செய்ததைத் தாம் செய்ததாக எழுதும் ரெஸ்யூமே முதல் கேள்வியிலேயே குலைந்துவிடும். அதைவிட, சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

எழுதக் கூச்சப்படும் வேலைகளும் உண்டு. தேயிலை பறிக்கப் போனது, காய்கறி மூட்டை ஏற்றியது, சாலையோரக் கடையில் வர்க்கி விற்றது போன்றவற்றை மாணவர்கள் மறைத்துவிடுகிறார்கள். படித்துக்கொண்டே உழைத்த ஒருவரின் பொறுப்புணர்வுக்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. இரண்டு சீசன் தொடர்ந்து ஒரே கடைக்காரர் உங்களைக் கூப்பிட்டிருந்தால், “அடுத்த ஆண்டும் அதே பணிக்கு அழைக்கப்பட்டேன்” என்று சேர்த்து எழுதுங்கள். உங்கள் நம்பகத்தன்மையை அந்தச் செய்தியே எடுத்துச் சொல்லிவிடும்.

கல்வி

அண்மையில் படித்தது முதலில் வர வேண்டும். பட்டம், கல்லூரி, முடிக்கும் ஆண்டு, இதுவரையிலான சிஜிபிஏ அல்லது சதவீதம். அடுத்து பன்னிரண்டாம் வகுப்பு, 600-க்கு எவ்வளவு. அதன் கீழே பத்தாம் வகுப்பு, 500-க்கு எவ்வளவு. ஆறாம் வகுப்புவரை படித்த பள்ளிகளின் பட்டியல் வேண்டாம். மதிப்பெண் குறைவாக இருந்தால், விளம்பரம் கேட்காதவரை பட்டத்தையும் ஆண்டையும் மட்டும் எழுதலாம். கேட்டால் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். அரியர் இருந்தால் அதை மறைத்துப் பட்டம் பெற்றதாக எழுதுவது பிற்பாடு வேலையையே பறித்துவிடும். “இறுதித் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிறேன்” என்று எழுதுவதில் எந்தத் தாழ்வும் இல்லை.

தமிழ் வழியில் படித்ததற்கான சான்று மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமைக்குப் பயன்படும். தனியார் நிறுவன ரெஸ்யூமேயில் அதைக் குறிப்பிட வேண்டிய தேவை இல்லை. புராஜெக்ட் செய்திருந்தால் தலைப்பை மட்டும் எழுதி விட்டுவிடாமல், என்ன கண்டறிந்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள்.

திறன்களும் மொழிகளும்

திறன்கள் என்ற தலைப்பின் கீழ் “கடின உழைப்பு, நேரம் தவறாமை, குழுவாகப் பணியாற்றுதல்” என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். அவை அனுபவப் பகுதியிலிருந்து படிப்பவருக்குத் தாமாகப் புலப்பட வேண்டியவை. இங்கே சோதித்துப் பார்க்கக்கூடிய திறன்கள் மட்டும் இடம்பெறட்டும். “எம்எஸ் ஆபீஸ் தெரியும்” என்பது போதாது. எக்செல்லில் கூட்டுத்தொகைச் சூத்திரங்கள், வடிகட்டுதல், பைவட் டேபிள்வரை தெரியுமா என்று பிரித்துச் சொல்லுங்கள். தட்டச்சில் லோயர், ஹையர் தேர்ச்சி, டேலி, மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் முடித்த பயிற்சி, ஸ்வயம் அல்லது என்பிடெல் இணையவழிப் படிப்பு இருந்தால் பெயரும் ஆண்டும் தரவும். பதிவு செய்து பாதியில் விட்ட படிப்பை எழுத வேண்டாம்.

மொழிகளைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரும் செல்வம் கையிலிருக்கிறது. அதைப் பெரும்பாலோர் “தமிழ், ஆங்கிலம்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் வளர்ந்தவர்கள் மலையாளமும் ஓரளவு கன்னடமும் பேசுவார்கள். படுகு வீட்டு மொழியாக உள்ளவர்களுக்குக் கன்னடம் எளிதில் புரிகிறது. பாதுகாப்புத் துறைக் குடியிருப்புகள் உள்ள வெலிங்டன், அருவங்காடு பக்கம் இந்தி பழகியவர்கள் உண்டு. விடுதி, மருத்துவமனை, வங்கி, வாடிக்கையாளர் சேவை ஆகிய எந்த வேலைக்கும் இது நேரடியாகப் பயன்படும். ஒவ்வொரு மொழிக்கும் எதிரே பேச, படிக்க, எழுத என்று தெரிந்த அளவைக் குறியுங்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் சமூகங்களிலிருந்து வரும் மாணவர்கள் தங்கள் தாய்மொழியைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது என் கருத்து. சுகாதாரம், கல்வி, காடு சார்ந்த திட்டங்களில் அந்த மக்களோடு அவர்கள் மொழியில் பேசத் தெரிந்தவரின் தேவை மிகப் பெரிது.

ஓட்டுநர் உரிமம் இருந்தால் எந்த வகை வாகனத்துக்கு என்பதோடு எழுதுங்கள். எஸ்டேட், விற்பனை, களப்பணி வேலைகளில் மலைச்சாலையில் வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு முன்னுரிமை கிடைக்க வாய்ப்புண்டு.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்திருந்தால், எந்த ஊரில் முகாம், அங்கே உங்கள் பொறுப்பு என்ன என்பதைச் சேர்த்து ஒரு வரி எழுதலாம். என்சிசியில் பி அல்லது சி சான்றிதழ், பல்கலைக்கழக அளவிலான விளையாட்டு ஆகியவையும் அப்படியே. புத்தகம் படித்தல், பாட்டு கேட்டல் போன்ற பொழுதுபோக்குகளுக்கு இடம் ஒதுக்க வேண்டாம்.

எழுத வேண்டாதவை

தந்தையின் தொழில், மதம், சாதி, திருமண நிலை, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை தனியார் வேலைக்கான ரெஸ்யூமேயில் இருக்கக் கூடாது. ஆதார் எண்ணை வேலைக்குச் சேர்ந்த பிறகு உரிய அலுவலரிடம் கொடுத்தால் போதும். பலர் கைக்குப் போகும் தாளில் அச்சிடுவது ஆபத்து. விளம்பரம் கேட்டிருந்தால் மட்டும் புகைப்படம் சேர்க்கலாம். சில விடுதிகள் கேட்கின்றன. உறுதிமொழி வாசகமும் கேட்கும் இடங்களுக்கு மட்டும். அரசுப் பணிக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே குறிப்பிட்ட படிவத்தில் கேட்டதைக் கேட்டபடியே நிரப்ப வேண்டும். பரிந்துரையாளர்களின் பெயரையும் எண்ணையும் அவர்கள் அனுமதியின்றி எழுதுவது முறையல்ல.

தாளின் அமைப்பு

மாணவருக்கு ஒரு பக்கம் போதும். ஏ4 அளவு, நான்கு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி, எழுத்தளவு பதினொன்று, தலைப்புகள் மட்டும் தடித்த எழுத்தில். இரண்டு பத்தி அமைப்பு, கட்டங்கள், படக்குறிகள், திறனை நட்சத்திரங்களால் காட்டும் வரைபடங்கள் ஆகியவற்றைத் தவிர்க்கவும். ரெஸ்யூமே சலிக்கும் மென்பொருள்கள் பலவற்றுக்கு அவை குழப்பத்தைத் தரும்.

கணினி இல்லாதவர்கள் கைப்பேசியில் கூகுள் டாக்ஸ் செயலியிலேயே அடித்து பிடிஎஃப் ஆக மாற்றிக்கொள்ளலாம். அச்சடித்த தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்புவது வேண்டாம். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பணியின் பெயரும் இருக்கட்டும். “ரெஸ்யூமே புதியது 2” என்ற பெயரில் வரும் கோப்பு, பெறுபவரின் கணினியில் தொலைந்துபோகும். பிரௌசிங் சென்டரில் அடித்தால், உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்பிக்கொண்டு, அங்குள்ள கணினியிலிருந்து கோப்பை நீக்கிவிட்டு, மின்னஞ்சலிலிருந்து வெளியேறிய பின்னரே எழுந்து வாருங்கள். வேலைவாய்ப்பு முகாமுக்கு அச்சுப் பிரதி கொண்டுபோகும்போது தென்மேற்குப் பருவமழைக் காலமாக இருந்தால், ஈரக் காற்றிலேயே தாள் நமுத்து மை கசியும். மூடும் வசதியுள்ள கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்த்தலும் அனுப்புதலும்

எழுதி முடித்த அன்றே அனுப்ப வேண்டாம். மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் வரிகளைப் பிரியுங்கள். தேதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் உதகமண்டலம் என்பதைச் சான்றிதழில் ஒரு விதமாகவும் முகவரியில் வேறு விதமாகவும் எழுதும் பிழை அடிக்கடி நேர்கிறது. தாளில் உள்ள எண்ணைப் பார்த்து வேறொருவரை உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் எல்லாம் வீண். ஆசிரியர் ஒருவரிடமும், அந்தத் துறையில் வேலை பார்க்கும் சீனியர் ஒருவரிடமும் காட்டுங்கள்.

மின்னஞ்சலில் இணைப்பை மட்டும் அனுப்பி வெற்றாக விடக் கூடாது. பொருள் வரியில் பணியின் பெயரும் உங்கள் பெயரும், உள்ளே நான்கைந்து வரிகள்: “மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, தங்கள் நிறுவனத்தின் கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பி.காம். இறுதித் தேர்வு எழுதியுள்ளேன். இரண்டு ஆண்டுகளாகத் தேயிலைத் தோட்டக் கணக்கைப் பராமரித்த அனுபவம் உண்டு. என் ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன். நேர்காணலுக்கு எந்த நாளிலும் கோவைக்கு வர இயலும்.” வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலும் இதே வாசகத்தோடுதான் அனுப்ப வேண்டும்.

கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவோடு நின்றுவிடாமல், மாநில அரசின் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் பதிவு செய்யுங்கள். உதகையிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் முகாம் அறிவிப்புகளைக் கேட்டு வையுங்கள். சீசன் சார்ந்த விடுதி வேலைகளுக்கு மார்ச் மாதத்துக்குள்ளும், செப்டம்பரில் தொடங்கும் இரண்டாம் சீசனுக்கு ஆகஸ்டிலும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எந்த நிறுவனத்துக்கு எந்த வடிவத்தை எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பதை அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். அழைப்பு வந்ததும் அந்த வடிவத்தை எடுத்து, ஒவ்வொரு வரியைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச முடிகிறதா என்று வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்துச் சொல்லிப் பாருங்கள். எடை வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஏஜென்ட் ஒப்புக்கொள்ளாதபோது என்ன செய்தீர்கள் என்பது போன்ற கேள்விகளே வரும். நேர்காணல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலை நேரத்தில் இருந்தால், குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நிற்கக்கூடும் என்பதால், முந்தைய நாளே மலையிறங்கிவிடுங்கள்.